கண்காணா ஒளி
(கருவிழியின் கதை: ஒன்பதாம் அத்தியாயம்)

1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், மொரேவியா நாட்டு ஓல்மூட்ஸ் நகரத்தில், சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த அலாயிஸ் குளோகர் என்ற கூலித் தொழிலாளிக்கு, விபத்தினால் அகற்ற நேர்ந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கருவிழிப் படலம் எடுத்துப் பொருத்தி எட்வர்ட் ஸிர்ம் என்ற வைத்தியர் பார்வையை மீட்டதையும், இறந்தவர் கண்களையே அப்பணிக்குக் கொள்ளலாமென்பதை ஒடெஸ்ஸாவில் பிலாத்தோவ் நிலைநாட்டியதையும், நம் சென்னை எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா 1945-இல் இந்நாட்டின் முதல் கண் வங்கியை நிறுவியதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அது கெட்டுப்போன படலத்தை நீக்கி நல்ல படலத்தை வைத்த வரலாறு. இனிச் சொல்லப்போவதோ, கெடாத படலத்தையே சிறிது திருத்தி, மூக்குக் கண்ணாடியின் துணையின்றிப் பார்க்கச் செய்ய முயன்றவர்களின் வரலாறு. முன்னதில் சிகிச்சைக்கு வந்தவன் இழப்பதற்கு ஏதும் இல்லாத குருடன். பின்னதில் வருபவனோ கண்ணாடி அணிந்தால் தெளிவாகப் பார்க்கக்கூடியவன். இழப்பதற்கு எல்லாம் உடையவன்மேல் கருவி வைக்கும்போது துணிச்சலைக் காட்டிலும் திசுவின் இயல்பைப் பற்றிய ஞானமே பெரிதென்பதை, இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சம்பவமும் ஏதோ ஒரு விதத்தில் மெய்ப்பிக்கும்.

படலத்தின் அமைப்பைப் பற்றி முன்னர் ஆங்காங்கே சொன்னவற்றை ஈண்டு ஒருசேர நினைவுகூர்வது அவசியம். கருமணிக்கு மேலே கவிந்திருக்கும் இப்படலம் நடுவிலே அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த கனமே உடையது. 540 மைக்ரான் என்று கொள்ளலாம். இச்சிறு கனத்துக்குள் ஐந்து அடுக்குகள் உள்ளன. எல்லாவற்றிற்கும் மேலே, கீறினாலும் தேய்ந்தாலும் சில தினங்களில் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும் மேற்தோல். அதன்கீழ் பௌமன் அடுக்கு. அடுத்து, மொத்தக் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கை அடைத்துக்கொண்டிருக்கும் ஸ்ட்ரோமா என்னும் நடுத்திசு. பின்னர் டெஸ்மெட் சவ்வு. கடைசியாக, ஒற்றை வரிசையாய் அமைந்த உள்ளணுக்கள். படலத்துக்குள் கசியும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருப்பவை இவ்வுள்ளணுக்களே. மனிதனுக்கு இவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கண்ணுக்குள் புகும் ஒளியை வளைத்துக் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படலத்தின் வளைவுக்கே உரியது. உள்ளேயிருக்கும் வில்லை எஞ்சிய பங்கையே செய்கிறது. ஆகவே நடுவளைவைச் சிறிது தட்டையாக்கினால் கிட்டப்பார்வையும், சிறிது உயர்த்தினால் தூரப்பார்வையும் திருந்த வேண்டும். கணக்கு எளிது, திசுவோ அத்தனை எளிதன்று. நடுத்திசுவின் கொலாஜன் இழைகள், சேலத்துத் தறியில் ஏற்றிய பாவு நூல்களைப்போல ஒரே பருமனும் ஒரே இடைவெளியும் உடையனவாய் அணிவகுத்திருப்பதனால்தான் படலம் ஒளிபுகும் தன்மை பெற்றிருக்கிறதென்று 1957-இல் டேவிட் மாரிஸ் என்பவர் இங்கிலாந்தில் விளக்கினார். அந்த ஒழுங்கு குலைந்த இடத்தில் ஒளி சிதறும். சிதறினால் வெண்மை படரும். வெண்மை படர்ந்தால், வளைவு எவ்வளவு திருத்தமாய் அமைந்திருந்தாலும் பயனில்லை.

இவ்வுண்மைகள் முற்றும் தெரியுமுன்னரே கத்தியெடுத்தவர்களின் அனுபவம் கசப்பானது. ஜப்பான் தேசத்தில் ஸுடோமு ஸாட்டோ என்ற கண் வைத்தியர், படலம் கூம்புபோல் முன்தள்ளும் நோயுடைய சிலருக்கு உட்புறச் சவ்வு தானாகவே கிழிந்து ஆறியபின் படலம் தட்டையாகிவிடுவதைக் கூர்ந்து நோக்கி, இயற்கை செய்வதைத் தாமும் செய்யலாமென்று எண்ணிப் படலத்தின் வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் ஆரக்கால் வடிவமாகக் கீறினார். கிட்டப்பார்வை குறைந்தது, நோயாளிகள் மகிழ்ந்தனர், உலகம் வியந்தது. ஆனால் உட்புறக் கீறல்களினால் மாண்டுபோன உள்ளணுக்கள் முளைக்கமாட்டா என்பதை அக்காலத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. எஞ்சிய அணுக்கள் சில ஆண்டுகள் இரட்டிப்பு வேலை செய்து சமாளித்து, இறுதியில் தோற்றன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அக்கண்களில் மிகப் பலவற்றின் படலங்கள் நீர்கோத்து வீங்கி மங்கின. சிகிச்சையின் நன்மை மறுநாளே தெரிந்துவிட, அதன் தீமை மட்டும் ஒரு தலைமுறைக் காலம் மறைந்திருந்ததே இச்சோகத்தின் சாரம்.

ஸ்பெயின் தேசத்தில் பிறந்து கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் குடியேறிய ஹோஸே இக்னாஸியோ பாராக்கர் வேறு வழியிற் சென்றார். படலத்தின் மேற்பகுதியை மெல்லிய தகடாகச் சீவியெடுத்து, பனியாய் உறையவைத்து, வில்லை கடையும் இயந்திரத்தில் கடைந்து உருமாற்றி, மீண்டும் கண்ணின்மேல் வைத்துத் தைப்பதென்ற அவருடைய கொள்கை 1949-இல் வெளிவந்தது. நடுவில் திசுவைக் குறைத்தால் தட்டையாகும், ஓரத்தில் குறைத்தால் குவியும் என்று அவர் வகுத்த கனத்தின் விதி இன்றளவும் இத்துறையின் அஸ்திவாரம். ஆனால் பனியில் உறைந்த திசுவின் அணுக்கள் மடிந்தன. தெளிவு திரும்ப நாட்கள் பல சென்றன. அந்த வித்தையும் மிகச் சிலரது கைக்கே வசப்பட்டது. 1974-ஆம் ஆண்டளவில் மாஸ்கோவின் ஸ்வியட்டோஸ்லாவ் பியோதரோவ், ஸாட்டோவின் பிழையை விலக்கி வெளிப்புறத்தில் மட்டும் ஆரக்கால் கீறல்களை இடலானார். கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழத்துக்குச் சென்ற அக்கீறல்கள் லட்சக்கணக்கானோருக்குப் பார்வையைத் திருத்தின. எனினும், அமெரிக்காவில் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஓர் ஆராய்ச்சியில், நூற்றுக்கு 43 கண்கள், கண்ணாடியின் ஆற்றலை அளக்கும் அலகாகிய டயாப்டர் ஒன்றோ அதற்கு மேலோ தூரப்பார்வையின் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தன. ஆழமாய் வெட்டுண்ட படலம் தன் உறுதியை முழுவதும் மீட்பதில்லை என்பது அதனால் தெரிந்தது.

இவ்வாறு கத்தி தன் எல்லையை எட்டி நின்ற வேளையில், கதையின் போக்கை மாற்றியவர் கண் வைத்தியர் அல்லர். கண் மருத்துவமனையில் பணிபுரிந்தவரும் அல்லர். சென்னையில் 1929-இல் பிறந்து, சென்னைச் சர்வகலாசாலையில் 1949-இலும் 1950-இலும் ரசாயன சாஸ்திரப் பட்டங்கள் பெற்ற ரங்கசாமி சீனிவாசன். எழும்பூரில் கண் வங்கி திறந்த நாட்களில் அதே நகரத்தில் வளர்ந்த இந்த இளைஞர், கடல் கடந்து சென்று 1956-இல் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, 1961 முதல் நியூயார்க் மாகாணத்து யார்க்டவுன் ஹைட்ஸ் என்ற ஊரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலையில் அமர்ந்தார். ஒளி பட்டால் பொருள்கள் ரசாயன மாறுதல் அடைவது எவ்வாறென்பதே அவருடைய வாழ்நாள் விசாரணை. ஆர்கானும் புளோரினும் கலந்த வாயுவிலிருந்து 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கிரணத்தைத் துடிப்புத் துடிப்பாய் வெளிவிடும் எக்ஸைமர் லேசர் என்ற சாதனம் அச்சாலைக்கு வந்தபோது, கணிப்பொறிகளுக்கான நுண்சுற்றுக்களைச் செதுக்க அது பயன்படுமாவென்று பிளாஸ்டிக் தகடுகளின்மேல் பாய்ச்சிப் பார்த்தார். தகடு உருகவில்லை, கருகவில்லை, கிரணம் பட்ட இடம் மட்டும் அளந்து எடுத்தாற்போல் மறைந்தது.

பிளாஸ்டிக்கும் நீண்ட மூலக்கூறுகளால் ஆனது, உயிர்த்திசுவும் நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. ஒன்றுக்கு நேர்ந்தது மற்றொன்றுக்கு நேராதா என்ற வினா ஐ.பி.எம். சாலையில் அவருக்கும் அவருடைய சகாக்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் ஆகியோருக்கும் எழுந்தது. 1981 நவம்பர் 27, அமெரிக்கரின் நன்றியறிவிப்புத் திருநாளுக்கு மறுநாள், சீனிவாசன் விருந்தில் எஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் ஆராய்ச்சிச் சாலைக்குக் கொண்டுசென்று அக்கிரணத்துக்கு இலக்காக்கினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பச்சை ஒளி லேசரால் சுட்ட இடத்தின் விளிம்புகள் கருகிப் பொசுங்கிக் கிடக்க, எக்ஸைமர் கிரணம் சென்ற வழியோ சுற்றுப்புறத்துக்குச் சற்றும் ஊறு செய்யாமல் சுத்தமாய்ச் செதுக்கப்பட்டிருந்தது. பிற்பாடு ஒற்றைத் தலைமயிரின்மேல் வரிசையாய்ப் பள்ளங்கள் செதுக்கி எடுத்த நுண்நோக்கிப் படம் உலகெங்கும் பிரசித்தி பெற்றது.

இந்த அற்புதத்தின் காரணம் இதுதான். 193 நானோமீட்டர் கிரணத்தின் ஒவ்வோர் ஒளித்துகளும் சுமந்துவரும் சக்தி, புரதத்தின் அணுப்பிணைப்பை அறுக்கப் போதியது. புரதம் அக்கிரணத்தை வெகு ஆவலாய் விழுங்குவதால் அது மேற்பரப்பைக் கடந்து ஆழம் போக இயலாது. ஒரு விநாடியின் பத்துக்கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் ஒரு துடிப்பில் பிணைப்புக்கள் அறுந்து, அறுந்த துணுக்குகள் வாயுவாய்ப் பறந்து, வெப்பம் அக்கம்பக்கத்துக்குப் பரவுமுன் தம்முடன் அதையும் கொண்டுபோய்விடுகின்றன. படலத்தின் திசுவில் ஒரு துடிப்பு எடுப்பது ஏறத்தாழ கால் மைக்ரான். எந்தக் கத்தியும், எத்தனை பழகிய கையும் கனவிலும் காணமுடியாத நுட்பம் இது.

இச்செய்தியை அறிந்த கொலம்பியா சர்வகலாசாலைக் கண் வைத்தியர் ஸ்டீபன் டிரோக்கல் 1983-இல் யார்க்டவுன் ஹைட்ஸுக்குச் சென்றார். அவரும் சீனிவாசனும் போடில் பிரேரன் என்ற ஆராய்ச்சியாளரும் மாட்டுக் கண்களின் படலத்தில் கிரணத்தைப் பிரயோகித்து, செதுக்கிய ஆழம் துடிப்புக்களின் எண்ணிக்கைக்கு இசையவே அமைகிறதென்றும், விளிம்புத் திசுவின் இழையொழுங்கு குலையவில்லையென்றும் கண்டு, அவ்வாண்டு டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையே ஒரு புதிய யுகத்தின் தலைவாயில். முதலில் அவர்கள் கருதியது பியோதரோவின் கீறல்களை ஒளியால் இடுவதையே. ஆனால் லண்டன் நகரத்து ஜான் மார்ஷல், எலெக்ட்ரான் நுண்நோக்கியால் திசுவை அணு அணுவாய்ச் சோதித்து, கீறவே வேண்டியதில்லை, படலத்தின் முகப்பையே வேண்டிய வளைவுக்குச் செதுக்கிவிடலாம் என்ற வழிக்கு டிரோக்கலுடன் சேர்ந்து வலுவூட்டினார். அமெரிக்காவின் சார்லஸ் மன்னர்லின் அதற்குக் கணிதம் வகுத்தார்: செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் கொண்டு, அதன் வர்க்கத்தை டயாப்டரால் பெருக்கி மூன்றால் வகுத்தால், நடுவில் எடுக்கவேண்டிய ஆழம் மைக்ரானில் கிட்டும். ஆறு மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டயாப்டர் திருத்தப் பன்னிரண்டு மைக்ரான் போதும்.

இனி மனிதக் கண்ணில் செய்து பார்த்தாக வேண்டும். பார்க்கும் கண்ணை யார் கொடுப்பார்? 1988-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், கண்குழியில் தோன்றிய புற்றுநோயால் தம் கண்ணையே அகற்றிக்கொள்ள வேண்டியிருந்த ஒரு பெண்மணி, நன்கு பார்த்துக்கொண்டிருந்த அக்கண்ணைப் பரிசோதனைக்கு முன்வந்து தந்தார். மார்கரெட் மக்டொனால்ட் என்ற வைத்தியர் அதில் கிரணத்தைப் பிரயோகித்தார். படலம் தெளிவாகவே ஆறியது. பின்னர் அகற்றிய கண்ணின் திசுவை நுண்நோக்கியால் சோதித்தறிந்ததே, அதற்குப் பின் சிகிச்சை பெற்ற கோடிக்கணக்கானோர்க்கு முதல் ஆதாரமாயிற்று. 1995-இல் அமெரிக்க அரசாங்கம் இச்சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. விஞ்ஞானிகளின் பெயர்களோடு சேர்த்து அப்பெண்மணியின் தானத்தையும் வரலாறு போற்றக் கடமைப்பட்டிருக்கிறது.

கிரணம் வந்ததும் குறையெல்லாம் தீர்ந்ததென்று எண்ணுதல் கூடாது. ஆரம்ப நாட்களில், திசுவை மிகுதியாய் எடுக்க அஞ்சி, நாலரை, ஐந்து மில்லிமீட்டர் வட்டத்தளவே செதுக்கினார்கள். இதன் விளைவு நான் வசிக்கும் தொப்பூரில் எளிதாய் விளங்கும். பெங்களூரிலிருந்து தர்மபுரி வழியாய்ச் சேலம் செல்லும் நெடுஞ்சாலை மேட்டு நிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் கணவாய் இது. சரக்கேற்றிய லாரிகள் இரவு முழுவதும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. இரட்டைப் பாலத்தருகே நேர்ந்த விபத்துக்கள் பத்திரிகை படிப்போர்க்குப் புதியன அல்ல. அவ்விபத்துக்களுக்குச் சரிவும் வேகமும், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் வழக்கமும், சூடேறிய பிரேக்குமே காரணமென்பது தெரிந்ததே. ஆயினும் இச்சரிவில் இரவில் இறங்கும் ஓட்டுநருக்குக் கண் எத்தகைய பொருள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் கண்மணி ஆறு, ஏழு மில்லிமீட்டர் வரை விரிகிறது; செதுக்கிய வட்டமோ நாலரை. வட்டத்தின் விளிம்பையும் அதற்கு அப்பாலுள்ள செதுக்காத பகுதியையும் கடந்து வரும் ஒளி வேறிடத்தில் குவிவதால், எதிர்வரும் விளக்கொவ்வொன்றையும் சுற்றிப் பரிவேடம் தோன்றும். பகலில் வைத்தியர் காட்டும் எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் வாசிப்பவன், இரவில் வளைவுக்கு அப்பால் நிற்கும் லாரியின் பின்விளக்கைக் கண்டு மயங்குவான். வட்டத்தை நாலரையிலிருந்து ஆறாக விரித்தால் தொல்லை பெரிதும் குறையும். ஆனால் டயாப்டருக்கு ஏழு மைக்ரான் எடுத்த இடத்தில் பன்னிரண்டு எடுக்க வேண்டும். திசுவின் கனம் வரையறுக்கப்பட்ட செல்வம். இரவுப் பார்வைக்குச் செலவழித்தால் உறுதி குறைகிறது.

இச்செலவுக் கணக்கு தவறியதும் உண்டு. கிரீட் தீவின் பல்லிகாரிஸ் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாராக்கரின் சீவலையும் சீனிவாசனின் கிரணத்தையும் இணைத்து, படலத்தின் மேல்தகட்டை ஒருபுறம் ஒட்டியிருக்கும்படி சீவித் திறந்து, உட்புறத்தில் செதுக்கி, மீண்டும் மூடும் முறையை நிறுவினார். இன்று லேசிக் என்று ஊரறிந்த சிகிச்சை இதுவே. மேற்தோல் பெரும்பாலும் கெடாமல் இருப்பதால் வலி குறைவு. மறுநாளே பார்வை தெளிவு. ஆனால் சீவிய தகடு பிறகு படலத்தின் பாரத்தைத் தாங்குவதில்லை. 480 மைக்ரான் கனமே உடைய ஒரு படலத்தில் 160 மைக்ரான் தகடு சீவி, பத்து டயாப்டருக்கு 120 மைக்ரான் செதுக்கினால், கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்க எஞ்சுவது 200 தான். அத்தகைய படலம் மெல்ல மெல்ல முன்தள்ளிக் கூம்பாவதை ஜெர்மன் தேசத்து தியோ சைலர் 1998-இல் எடுத்துக்காட்டினார். குறைந்தது 250 மைக்ரானாவது எஞ்ச வேண்டுமென்ற நியதியும், சிகிச்சைக்கு முன்னர்ப் படலத்தின் வளைவையும் கனத்தையும் புள்ளிக்குப் புள்ளி வரைபடமாய் எடுத்துப் பார்க்கும் வழக்கமும் உறுதிப்பட்டன. கண்ணாடியைக் கழற்ற ஆசைப்பட்டு வருவோரில் ஒரு பகுதியினரை வேண்டாமென்று திருப்பியனுப்பும் வைத்தியரே உத்தமர் என்ற ஞானம் அவ்வாறு பிறந்தது.

நோயைக் கண்டவர்களே மருந்தையும் தேடினார்கள். டிரெஸ்டன் நகரத்தில் சைலரும் ஷ்போயர்ல், வோலென்சாக் என்பாரும், பி-2 வைட்டமினாகிய ரிபோபிளேவின் கரைசலைப் படலத்தில் ஊறவைத்து, 370 நானோமீட்டர் புற ஊதாக் கிரணத்தை முப்பது நிமிஷம் பாய்ச்சினால், கொலாஜன் இழைகளிடையே புதிய பிணைப்புக்கள் உண்டாகிப் படலம் இறுகுமென்று கண்டு, 2003-இல் நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டனர். புற ஊதாவின் ஓர் அலைநீளம் பிணைப்பை அறுக்க, மற்றோர் அலைநீளம் பிணைப்பை உண்டாக்குவது இயற்கையின் விசித்திரம். இங்கும் திசு ஒரு நிபந்தனை விதித்தது: 400 மைக்ரானுக்குக் குறைந்த படலத்தில் கிரணம் அடிவரை சென்று, ஸாட்டோவின் காலத்தில் மாண்ட அதே உள்ளணுக்களை மாய்த்துவிடும்.

இந்த இடத்தில் வரலாறு சென்னைக்குத் திரும்புகிறது. மெலிந்த படலத்தின்மேல் ரிபோபிளேவினில் ஊறிய காண்டாக்ட் லென்ஸை வைத்து, கிரணத்தைப் பொறுத்தவரை அதன் கனத்தைப் பெருக்கும் முறையை 2014-இல் சென்னை டாக்டர் அகர்வால் கண் மருத்துவமனையைச் சேர்ந்த சூசன் ஜேக்கப் குழுவினர் வெளியிட்டனர். தானமாய் வந்த படலத்திலிருந்து வளைவான துண்டுகளை நறுக்கிக் கூம்புநோய் கண்ட படலத்தின் நடுத்திசுவுக்குள் செருகி அதன் வளைவைச் சீராக்கும் முறை, அவர்களிடமிருந்தே 2018-இல் வந்தது. அதுவரை அவ்விடத்தில் வைத்ததெல்லாம் பிளாஸ்டிக் வளையங்கள். உடலுக்கு அந்நியமான அவை சில சமயம் திசுவை அரித்து வெளியே வந்துவிடும். மனிதத் திசுவுக்கு மனிதத் திசுவே இணக்கம். லேசிக்குக்குப் பின் வந்த மற்றொரு முறையில் படலத்தின் நடுவிலிருந்து ஒரு சிறு வில்லைத் துண்டையே உருவியெடுக்கிறார்கள். அவ்வாறு எடுத்த துண்டை வட்டமாய் நறுக்கி, வயதானோர்க்குக் கிட்டத்து எழுத்துத் தெரியும்படி வேறொருவர் கண்ணில் பதிக்கும் முயற்சியையும் சூசன் ஜேக்கப் 2017-இல் அறிவித்தார். கழித்தெறிந்த திசு மருந்தாகிறது; பொருத்துதலும் திருத்துதலும் என்று பிரிந்து சென்ற இரண்டு வரலாறுகளும் இங்கே ஒன்று கூடுகின்றன.

சீனிவாசனுக்கும் அவருடைய சகாக்கள் இருவருக்கும் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா 2013 பிப்ரவரியில் அந்நாட்டின் தொழில்நுட்பப் பதக்கத்தை அணிவித்துக் கௌரவித்தார். அவர் பிறந்து படித்த சென்னையில், கண்ணாடியைக் கழற்றி மகிழும் இளைஞர்களில் எத்தனை பேர் அப்பெயரைக் கேள்வியுற்றிருப்பார்கள்? தமிழ்ப் பாடப்புத்தகங்களில் அவர் வாழ்க்கை ஒரு பாடமாய் இடம்பெறத் தகுதியுடையது என்பது என் அபிப்பிராயம்.

அதைவிட அவசரமான ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்த அத்தியாயத்தில் கண்ட முன்னேற்றத்துக்கெல்லாம், கண்ணையோ திசுவையோ யாரோ கொடுத்திருக்கிறார்கள். தானமாய் வரும் கண்களில் பொருத்துவதற்குத் தகுதியற்றவை ஆராய்ச்சிக்கும், இளம் வைத்தியர்களின் பயிற்சிக்கும் பயன்படுகின்றன. மூக்குக் கண்ணாடி அணிந்தவரும், நீரிழிவு உடையவரும், கண்புரைச் சிகிச்சை செய்துகொண்டவரும் கண் கொடுக்கலாம். லேசர் சிகிச்சை பெற்றவருடைய படலத்தின் முகப்பு உதவாவிட்டாலும், அதன் உள்ளணு அடுக்கு மற்றொருவர்க்குப் பார்வை தரும். மரணம் நேர்ந்த வீட்டில் செய்யவேண்டியது மிகச் சொற்பம்: இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சிறிது உயர்த்திவைத்து, ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க ஏதுவாக, அருகிலுள்ள கண் வங்கிக்கு உடனே சொல்லியனுப்ப வேண்டும். முகம் விகாரமடையுமென்ற பயம் ஆதாரமற்றது. விபத்தில் இறந்தவரின் கண்களையும், போலீஸாரின் இசைவோடும் உறவினரின் சம்மதத்தோடும் தானமாய்ப் பெறலாம். கணவாயில் அகால மரணங்களைக் கண்டு கண்டு மனம் நொந்த தொப்பூர் வட்டாரத்து மக்கள், இதனைத் தம் வீட்டாரிடம் இன்றைக்கே பேசி முடிவுசெய்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உயிரோடிருக்கும்போது சொல்லிவைக்காத தானத்தை, துக்க வீட்டில் நினைவுகூர்ந்து செய்பவர் அரிது.

(தொடரும்)